தங்கம் இரவில் கேட்ட கேள்வி

விடியுமுன் எழுகிறாள் ஒருத்தி. வாயில் துப்புரவாகிறது, கோலம் மலர்கிறது, யாழ் இசைக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். கிழிந்ததைத் தைக்கிறாள், பழுதுபட்டதைச் செப்பனிடுகிறாள். மாமனையும் மாமியையும் மனம் கோணாமல் பேணுகிறாள். சமையல், பரிமாறல், மீண்டும் சமையல், மீண்டும் பரிமாறல்! இரவு வருகிறது, வீடு அடங்குகிறது. அந்த வேளையிலே, கணவனைப் பார்த்து அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். இன்றைய பொழுதெல்லாம் நம் வீட்டுக்கென்றே கழிந்துவிட்டதே, ஊருக்கென்று எதைச் செய்தோம் என்பது அந்தக் கேள்வியின் கருத்து.

அவள் பெயர் தங்கம். கணவன் மணவழகன். புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் 1942இல் வெளியிட்ட "குடும்ப விளக்கு" முதற்பகுதியின் தலைவி அவள். அந்தப் பகுதிக்குக் கவிஞர் இட்ட பெயர் "ஒருநாள் நிகழ்ச்சி".

அரசியின் நாளைப் பாடிய காவியங்கள் நம்மிடம் உண்டு. தெய்வ மங்கையின் நாளைப் பாடிய புராணங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால், அடுப்படியிலே நிற்கிற ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாளை, துடைப்பம் முதல் தையலூசி வரை எதையும் இழிவென்று தள்ளாமல், இலக்கியமாக்கிக் காட்டிய துணிவு பாரதிதாசனுடையது. அவளைத் தெய்வமாக்கிப் பூட்டி வைக்கவில்லை. அடிமையாக்கி மூலையிலும் தள்ளவில்லை. வீட்டு வேலை முடிந்ததும் பொதுவாழ்வைப் பற்றிக் கேட்கும் உரிமையை அவளுக்கு வழங்கினார். அதுவும் கணவன் கேட்டு அவள் தலையசைப்பதாகப் பாடவில்லை; அவளே கேட்கிறாள்! தமிழ்க் கவிதையில் இது ஒரு திருப்பம். இதை மறுப்பார் இலர்.

ஆயினும், போற்றுவதோடு நின்றுவிடுவது திறனாய்வு ஆகாது. போற்றியவரே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது.

தங்கத்தின் கேள்வி ஏன் இரவு வரை காத்திருந்தது?

பகலெல்லாம் அந்தக் கேள்வி அவள் உள்ளத்தில் இல்லாமலா இருந்தது? இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லை. கேட்க இடம் இல்லை. கேட்பதற்கு ஒரு மணி நேரம் இல்லை. ஆகவே, உடல் சோர்ந்து கண் செருகும் வேளையிலே, நான்கு சுவர்களுக்குள்ளே, ஒரே ஒருவரிடம் அவள் அதைக் கேட்க வேண்டியதாயிற்று. மணவழகன் நல்லவன், காது கொடுத்தான். காது கொடுக்காத மணவழகர்கள் வாழும் வீடுகளில் அந்தக் கேள்வி என்ன ஆகும்? விடிந்ததும் மீண்டும் துடைப்பம், மீண்டும் அடுப்பு!

இந்தக் குறை கவிஞரின் குறையன்று, காலத்தின் குறை. அன்று தங்கத்திற்குப் பகலில் போய் அமர ஓர் இடத்தை நாடு அமைத்துத் தரவில்லை. இல்லாத இடத்தை அவர் எப்படிப் பாடுவார்? ஆனால், அவர் பாடி ஆறே ஆண்டுகளில் அந்த இடத்தை அமைப்பதற்கான சட்டம் வந்தது. இருந்தும் தங்கம் இன்னமும் இரவில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தக் குறை யாருடையது?

1948ஆம் ஆண்டு. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சர். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சர். நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதன் பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்ததன் பயனாக, சென்னைப் பொது நூலகச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் நூலகத்துக்கென்று இயற்றிய முதற் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்படும் என்றது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமையும் என்றது. தொடக்கத்தில் சிறு தொகையாக இருந்த அந்த வரி, இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று தமிழகத்தில் இன்று 4,600 அளவில் பொது நூலகங்கள் உள்ளன. ஏழை குடிசைக்குக் கட்டும் வரியிலும் நூலகத்துக்குப் பங்கு போகிறது. அந்த ஏழைக்கு நூலகத்தில் என்ன பங்கு கிடைக்கிறது?

இங்கேதான் நாம் கள்ளக்குறிச்சிக்கு வருகிறோம்.

2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. சமவெளியிலே நெல்லும் கரும்பும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில். மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை. 2011 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100க்கு 80 பேர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 73 பேர். கள்ளக்குறிச்சியையும் தன்னுள் அடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஏறத்தாழ 72 பேர்தாம். பெண்களின் எண் அதனினும் கீழே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய மாவட்டத்திலே ஒரு நூலகத்தின் வாசகர் வட்டம் எந்த வேளையில் கூட வேண்டும்?

சிறு கேள்விதான். ஆனால், தங்கத்தின் கேள்விக்கு விடை அதில்தான் அடங்கியிருக்கிறது.

வாசகர் வட்டம் என்பது நம் பொது நூலகங்களை ஒட்டி அமையும் படிப்போர் குழு. நூலைப் படித்துக் கலந்துரையாடுவதும், நூலகத்துக்குத் துணை நிற்பதும் அதன் பணி. நல்ல ஏற்பாடு. ஆனால், வழக்கமாக அது கூடுவது மாலையிலே, அல்லது விடுமுறை நாளிலே. ஏன் என்று கேட்டால், அப்போதுதான் எல்லாரும் வர முடியும் என்பார்கள்.

எல்லாரும் என்றால் யார்? அலுவலகம் முடித்தவர் வருவார். பள்ளி முடித்த ஆசிரியர் வருவார். கடையை மகனிடம் ஒப்படைத்த வணிகர் வருவார். அந்த வேளையில் அவர்கள் வீட்டிலே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதை எரிப்பவள் எப்படி வருவாள்? மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவிக்கும் அழைப்பிதழில், பெண்கள் வரவேண்டாம் என்று ஒரு வரி அச்சிடப்படுவதில்லை. அச்சிட வேண்டிய தேவையே இல்லை. கடிகாரமே அதைச் சொல்லிவிடுகிறது!

"பகலில் வைத்தால் ஈயும் எறும்புமா வரும்?" என்று நகைப்பவர் உண்டு. அவர்களை அழைத்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு ஏதேனும் ஒரு நகரத்துக் கிளை நூலகத்துக்குள் நுழைவோம். யார் இருக்கிறார்கள்? ஓய்வு பெற்ற முதியவர்கள் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறார்கள். பட்டம் பெற்றும் வேலை கிட்டாத இளைஞர்களும் நங்கைகளும் போட்டித் தேர்வு நூல்களைக் குவித்து வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கிறார்கள். நூலகத்துக்குப் பகலிலே மக்கள் உண்டு. அவர்களுக்கிடையே பேச்சு இல்லை, அவ்வளவுதான். இன்னும் இருவர் வரக்கூடியவர்கள்: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உலை இறக்கி, மாலை மணி அடிக்கும் வரை சிறிது மூச்சு விடக்கூடிய இல்லத்தரசி, இரவுப் பணி முடித்த தொழிலாளி. இவர்களை வாருங்கள் என்று யாரும் அழைத்ததில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அந்த இளைஞனைச் சற்று நெருங்கிப் பாருங்கள். "குடும்ப விளக்கு நூலின் ஆசிரியர் யார்?" என்னும் வினாவுக்கு அவனிடம் நொடியிலே விடை கிடைக்கும். சரியான விடை, மதிப்பெண் கிடைக்கும். தங்கம் என்ன கேட்டாள் என்று வினவுங்கள், விழிப்பான். அவனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் அவனை அந்த நாற்காலியில் அமர்த்தியிருக்கிறது. வயிறு அவனை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறது. ஆனால், பாரதிதாசன் ஒரு மதிப்பெண்ணாகச் சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? வாரத்தில் ஒரு நாள், நண்பகலில் ஒரு மணி நேரம், அந்த இளைஞன் நூலை உரக்கப் படிக்கட்டும். இல்லத்தரசிகள் கேட்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அவன் விடை தேடட்டும். அவனுக்கும் பயன், அவர்களுக்கும் பயன், கவிஞருக்கும் உயிர்.

இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலில், நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகாதபடி காக்க வேண்டும் என்பது. சிறந்த விதி. அலமாரியை ஒழுங்காக அடுக்கு; பட்டியலைத் தெளிவாக எழுது; கேட்ட நூலை உடனே எடுத்துக் கொடு என்றெல்லாம் அதிலிருந்து நூலகர்கள் கற்றார்கள். ஆனால், நேரம் உடையவருக்கு அல்லவா நேரத்தைக் காத்துத் தர முடியும்? தனக்கென்று ஒரு நிமிடமும் இல்லாதவளுக்கு எதைக் காத்துத் தருவது? அவளுக்கு முதலில் நேரத்தையே உண்டாக்கித் தர வேண்டும். பகல் வாசகர் வட்டம் அந்த வேலையைச் செய்கிறது. "செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது" என்று ஒரு பெண் தன் வீட்டில் சொல்ல முடியுமானால், அந்த வீட்டிலே ஒரு சிறு புரட்சி நடந்துவிட்டது என்று பொருள். கோயிலுக்குப் போகிறேன் என்றால் தடை சொல்லாத வீடுகள் பல உண்டு. நூலகத்துக்குப் போகிறேன் என்றாலும் தடை எழாத நாள் வரவேண்டும்.

இதுவரை சொன்னது நகரத்துக்கு. மலைக்கு என்ன வழி?

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை அங்கே வட்டத் தலைநகர். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் நிலம் அது. பெயரைக் கண்டு கேரளத்தவரோ என்று மயங்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். மலையிலே வாழ்வதால் அப்பெயர். சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காயும் புளியும் தேனும் திரட்டி வாழ்ந்து வந்தவர்கள்.

1948ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? நூலகச் சட்டம் பிறந்த அதே ஆண்டிலேதான் சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் பிறந்தது. கல்வராயன் மலையிலோ ஜாகிர்தார்களின் ஆட்சி தொடர்ந்தது. அந்த ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தது 1976இல்! நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள். ஜமீன் ஒழிந்து 28 ஆண்டுகள். மலையடிவாரத்தில் இருப்பவன் வாக்குரிமை, நில உரிமை என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், மலைமேல் இருப்பவன் ஜாகிர்தாருக்குக் கடன்பட்டவனாக வாழ்ந்தான். சட்டம் மலை ஏறுவதற்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன. நூல் ஏறுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகளோ?

இந்த மலைமகளிடம் "குடும்ப விளக்கு" நூலைப் படித்துக் காட்டினால் என்ன ஆகும்? அங்கேதான் அந்த நூலுக்கு உண்மையான திறனாய்வு நிகழும். தங்கத்தின் வீட்டில் யாழ் இருக்கிறது; கணவனுக்கு வணிகம் இருக்கிறது. மலைமகளுக்கு அவை ஏது? தங்கம் தன் வீட்டு வேலையைச் செய்தாள். மலைமகள் வீட்டு வேலையோடு காட்டு வேலையும் கூலி வேலையும் செய்கிறாள். "இவளுக்கு இவ்வளவுதானா வேலை?" என்று மலைமகள் கேட்டால், அந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சியிலும் நாம் கண்டிருக்க மாட்டோம். அவள் கேள்வி கவிஞருக்கு இழிவன்று. அவர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால், அடுத்த பகுதியை மலைமேல் வைத்துப் பாடியிருப்பார் என்று நம்பலாம். ஒரு நூல் தனக்கு அறிமுகமில்லாத ஒருத்தியின் காதில் விழும்போதுதான் அதன் ஆழமும் தெரியும், எல்லையும் தெரியும். இத்தகைய கேள்விகளை எழுப்பவே நமக்கு வட்டம் தேவைப்படுகிறது. தங்கத்தை மாதிரிப் பெண்ணாகக் காட்டி, "நீயும் இப்படி இரு" என்று உபதேசம் செய்வதற்கு நூலகம் வேண்டியதில்லை. அதற்குப் புராணப் பிரசங்கமே போதும்!

"எழுத்தே தெரியாதவர்களுக்கு வாசகர் வட்டமா?" என்று அடுத்த கேள்வி வரும்.

தோழரே, நம் இயக்கம் வளர்ந்த கதையை மறந்துவிட்டீரா? "குடி அரசு" 1925இல் தோன்றியது. "திராவிட நாடு" 1942இல் தோன்றியது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர் என்றால், காதால் கேட்டவர் பலர். தேநீர்க் கடையின் பலகையிலே ஒருவர் அமர்ந்து உரக்கப் படிப்பார். முடிதிருத்தும் நிலையத்தில் காத்திருப்போருக்கு ஒருவர் படித்துக் காட்டுவார். தெருமுனையில் ஓலைக் கொட்டகை போட்டு, அதற்குப் படிப்பகம் என்று பெயர் சூட்டினோம். எழுத்தறியாத உழவனும் தொழிலாளியும் அங்கே அரசியல் அறிந்தார்கள், வாதம் அறிந்தார்கள். எழுத்தறிவு பின்னால் வந்தது. கேள்வி முன்னால் வந்தது.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. கியூபா நாட்டின் ஹவானா நகரிலே, சுருட்டுத் தொழிற்சாலையில் 1865இல் ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர் புகையிலை சுற்றிக்கொண்டிருப்பர்; ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் தந்தது முதலாளி அல்லர். தொழிலாளரே தம் கூலியிலிருந்து தந்தனர்! மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை விதித்தது. ஏன்? கை வேலை செய்தால் ஆட்சிக்குக் கவலையில்லை. காது வேலை செய்தால் அச்சம்! தடையால் அந்த வழக்கம் அழிந்துவிடவில்லை, மீண்டும் எழுந்தது. டூமா எழுதிய "மாண்டி கிறிஸ்டோ பிரபு" அத்தொழிலாளர் விரும்பிக் கேட்ட கதை. அதன் பெயராலேயே ஒரு சுருட்டு பின்னாளில் புகழ் பெற்றது. நமக்கு அண்டையிலே, கேரளத்தின் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர் இவ்வாறே செய்தனர். படிப்பவர் பீடி சுற்றாததால் இழக்கும் கூலியை, மற்றவர்கள் பங்கிட்டு ஈடு செய்தனர். 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைக் கட்டியெழுப்பிய தொழிலாளர், அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்கள்.

இவை யாவும் பகலிலே நடந்தவை. வேலை வேளையிலே நடந்தவை. கள்ளக்குறிச்சிக்கும் இது பொருந்தும். மலையிலே புளி உடைத்துக் கொட்டை நீக்கும் பருவத்தில் பெண்கள் வட்டமாகவே அமர்கிறார்கள். வட்டம் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. வாசகர் ஒருவர் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி. சிற்பக்கூடத்தில் உளியோசை நடுவே நூல் கேட்காது என்பது உண்மை. ஆனால், உளியும் உணவு வேளையில் ஓய்கிறது. கரும்புத் தோட்டத்துப் பெண் செவ்வாய்க்கிழமை நகரத்து நூலகத்துக்கு வரமாட்டாள் என்பதும் உண்மை. அவள் வர முடியாத இடத்தில் வட்டத்தை வைத்துவிட்டு, அவள் வரவில்லை என்று குறை சொல்வது முறையன்று. 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும், மலைப்பாதையில் பேருந்து ஓடும் காலத்திலும், ஒரு பெட்டி நூலும் ஒரு படிப்பவரும் மேலே போவது அரிதென்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் மலைவாழ் மக்கள் அல்லர்.

"இடம் எங்கே?" என்பார்கள். இடம் உண்டு. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் சிற்றூராட்சிகள் தோறும் நூலகம் அமைக்க ஏற்பாடாயிற்று. வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் பேசிய அண்ணாவின் பெயருக்குப் பொருத்தமான திட்டம். ஆனால், அக்கட்டடங்களில் பல பின்னர்ப் பூட்டிக் கிடந்தன. ஏன் பூட்டினார்கள்? படிக்க ஆள் வரவில்லை என்பது சொல்லப்படும் காரணம். ஆள் வரக்கூடிய வேளையில் திறந்தார்களா, எழுத்தறியாதவருக்கு யாராவது படித்துக் காட்டினார்களா என்று கேட்டவர் யார்? நூலகம் என்பது கட்டடம் என்று எண்ணிவிட்டோம். ஆகவே கட்டடம் கிடைத்தது. நூலகம் என்பது ஒரு குரல் என்று எண்ணியிருந்தால், அந்தக் கதவுகள் திறந்தே இருந்திருக்கும்.

இதெல்லாம் ஏதோ பொழுதுபோக்கு ஏற்பாடு என்று யாரும் கருதிவிட வேண்டாம். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நாடு மறந்திருக்காது. மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கருணாபுரத்திலே வரிசை வரிசையாகச் சவங்கள்! இறந்தவருள் பெரும்பாலோர் கூலி உழைப்பாளிகள். அதன் பின்னரே உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து ஆராயத் தொடங்கிற்று. ஜாகிர் ஒழிந்து அரை நூற்றாண்டு நெருங்கும் வேளையில், சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்று நீதிமன்றம் கேட்க வேண்டிய நிலை!

வாசகர் வட்டம் இருந்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மாண்டவரை இகழ்வதாகும். வறுமையும் கொள்ளை இலாபமும் கண்காணிப்பின்மையும் செய்த கொலை அது. ஆனால், ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கள்ளச் சாராயம் விற்பவனுக்கு உழைப்பாளி எப்போது களைப்பான், எப்போது கையில் காசு இருக்கும், எந்தச் சந்தில் நிற்பான் என்பதெல்லாம் அத்துபடி. உழைப்பாளியின் நேரத்தை அவன் படித்து வைத்திருக்கிறான். நூலகம் படித்து வைத்திருக்கிறதா? கணவனை இழந்த பெண், உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள்? மாலைக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் தலைவரிடமா?

பொன்னாடை என்றதும் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் மேடையிலே வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கியால் நாட்டை எழுப்பியவர்கள். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அந்தப் பழக்கமே இப்போது நம் வாசகர் வட்டங்களைக் கெடுத்தும் வருகிறது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை! ஏழு உரைகளுக்கு நடுவே நூல் ஒன்று இருந்ததே, அதைத் திறந்தவர் யார்? நூலாசிரியரைப் புகழ்ந்தோம், நூலைப் படிக்கவில்லை. பேசியவர் எழுவர்; கேட்டவர் எழுபது பேர்; கேள்வி கேட்டவர் ஒருவரும் இலர். ஊமைகளாக்கி வைக்கப்பட்ட மக்களுக்கு நாவு தந்த இயக்கம், அந்த மக்களை வெறும் செவிகளாகவே வைத்திருப்பது அழகா? பகல் வட்டத்திலும் இதே மேடையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டால், இரவில் கூடினால் என்ன, பகலில் கூடினால் என்ன?

ஆகவே, பகல் வட்டத்துக்குச் சில நெறிகள் வேண்டும். மேடை வேண்டாம், பாய் விரித்தால் போதும். தலைவர் வேண்டாம், படிப்பவர் ஒருவர் போதும். அரை மணி நேரம் படிப்பு. அரை மணி நேரம் பேச்சு. எழுத்தறிந்தவர் பேசுவதற்கு முன்னே எழுத்தறியாதவர் பேசட்டும். குழந்தையோடு வருபவளை முகம் சுளிக்காமல் வரவேற்கட்டும். மாலை வட்டம் மாலையில் வரக்கூடியவருக்காகத் தொடரட்டும். அதைக் குலைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலே பகலுக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்கிறோம்.

எந்த நூலைப் படிப்பது? "குடும்ப விளக்கு" படியுங்கள். பெண்கல்விக்காக அதே நூலில் கவிஞர் வாதாடும் பகுதியையும் படியுங்கள். பெரியாரின் "பெண் ஏன் அடிமையானாள்?" படியுங்கள், சினம் வரும், வாதம் வரும், வரட்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட "தாசிகள் மோசவலை" நாவலைப் படியுங்கள். ஒரு பெண் தான் கண்ட கொடுமையை எழுத்தாக்கினால் எவ்வளவு வன்மை பிறக்கும் என்பது விளங்கும். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் சுயமரியாதை இயக்கம் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது நகைத்தவர் பலர். 1989இல் தமிழகத்தில் அது சட்டமாயிற்று. அறுபது ஆண்டுகள்! முதலில் யாரோ படித்தார்கள். பிறகு யாரோ கேட்டார்கள். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. அந்த வரலாற்றையும் படியுங்கள்.

மலைக்குப் போகும் பெட்டியில் நூல்களோடு ஒரு வெறும் ஏடும் போகட்டும். மலைமக்களின் பாட்டை, கதையை, ஜாகிர் காலத்து நினைவை, மூலிகை அறிவை அவர்கள் வாயால் சொல்ல, படிப்பவர் அதில் எழுதட்டும். கீழேயிருந்து மேலே நூல் போவது போலவே, மேலேயிருந்து கீழேயும் நூல் வரவேண்டும். கொடுப்பவர் நாம், பெறுபவர் அவர் என்னும் செருக்கு சீர்திருத்தக்காரருக்கும் ஆகாது.

செலவு என்ன ஆகும்? ஒரு பாய், ஒரு பெட்டி, பேருந்துக் கட்டணம், படிக்கும் இளைஞனுக்குச் சிறு ஊதியம். குடிசைக்காரன் கட்டும் நூலக வரி அதற்குப் போதாதென்றால், மாளிகைக்காரன் கட்டுவது இருக்கிறதே! மாவட்டம் முழுதுக்கும் ஒரே ஆணைக்குழுவை வைத்ததன் பயன் அதுதானே? சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. இரண்டும் நாட்டுக்குப் பெருமை. அந்தப் பெருமையின் ஒளி வெள்ளிமலையிலும் ஒரு மணி நேரம் விழட்டும் என்கிறோம்.

தங்கம் நல்ல கேள்வியைக் கேட்டாள். இரவிலே கேட்டாள், ஒருவனிடம் கேட்டாள். அவளைக் குறை கூறாமல், அவள் கேள்விக்கு வேளையையும் இடத்தையும் மாற்றித் தருவது நம் கடன். நூலகத்தின் பாயிலே, பத்துப் பெண்கள் நடுவே, வெயில் வெளிச்சத்தில் அவள் அதைக் கேட்கட்டும். "ஊருக்கென்று நாம் என்ன செய்தோம்?" என்று அவள் அங்கே கேட்டால், அடுத்திருப்பவள், "ஊர் நமக்கென்று என்ன செய்தது?" என்று தொடர்வாள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு அஞ்சித்தானோ என்னவோ, பகலில் கூட்டம் வேண்டாம் என்கிறார்கள்!